அத்தியாயம் 7: வண்டி ஆஸ்பத்திரிக்குத் திரும்பட்டும்

மளிகைக் கடைக் கண்ணாடியை ஒருவர் கல்லால் உடைத்துவிடுகிறார். கடைக்காரர் தன்னைப் பற்றி ரேடியோவில் பேசுகிறார் என்று ஒரு மாதமாக அவர் புலம்பிக்கொண்டிருந்தது வீட்டாருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்கு ஸ்டேஷன் ரைட்டர் பேனாவைத் திறக்கும்போது, நடந்ததை இரண்டு விதமாக எழுதலாம். 'போதையில் தகராறு செய்து கடையைச் சேதப்படுத்தினார், கேட்டவரை மிரட்டினார்' என்று எழுதினால் எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், கிளைச் சிறை என்று வண்டி ஒரு பக்கம் ஓடும். 'மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், பாதுகாப்பில் எடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்' என்று எழுதினால் இன்னொரு பக்கம் ஓடும்.

எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், அந்த மேசைக்கு என்ன தாள் வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தே முடிவாகிறது. இந்த அத்தியாயம் அந்தத் தாளை எப்படித் தயார்செய்வது, யாரிடம் எப்போது கொடுப்பது என்பதைப் பற்றியது.

தொடங்குமுன் இரண்டு விஷயங்கள். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடிபடுகிறவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள். அடுத்தது, இங்கே சொல்லப்படும் வழி பாதிக்கப்பட்டவரை ஏமாற்றும் வழி ஆகாது. கண்ணாடிக்குப் பணம் கொடுக்க வேண்டும். காயம்பட்டவருக்கு மருந்துச் செலவு கொடுக்க வேண்டும். கொலை போன்ற பெரிய குற்றம் என்றால் வழக்கு கட்டாயம் நடக்கும். அப்போதும் சிகிச்சை அதோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய சட்டம்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 100 ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்குச் சில கடமைகளை விதிக்கிறது. மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைபவரையும், நோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையும் அவர் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி எடுக்கப்பட்டவரை எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது.

பழைய 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் போலீஸ் வழியாக மருத்துவமனையில் சேர்க்க மாஜிஸ்ட்ரேட் உத்தரவு தேவைப்பட்டது. அந்தப் பழக்கத்தில் 'கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா' என்று இன்றைக்கும் யாராவது சொல்லலாம். மதிப்பீட்டுக்காக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அப்படி எந்த உத்தரவும் தேவையில்லை.

இதன் எல்லையையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது: பிரிவு 100 எஃப்.ஐ.ஆர். பதிவதைத் தடுக்காது. குற்றப் புகார் வந்துவிட்டால் இரண்டும் அருகருகே நடக்கலாம்.

நெருக்கடிக்கு முன்பே: பச்சைக் கோப்பு

நிறம் எதுவானாலும் சரி, வீட்டில் எல்லோரும் 'பச்சைக் கோப்பு' என்று ஒரே பெயரில் சொன்னால் இரவில் தேடி எடுப்பது எளிது. நோயாளி நன்றாக இருக்கும் நாளில், அவருடைய ஒப்புதலோடு, அவரையும் உட்காரவைத்தே இதைத் தயார்செய்ய வேண்டும்.

1. கடைசி இரண்டு ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி. தொலைந்திருந்தால் மருத்துவமனையில் நகல் கேட்கலாம். தன் மருத்துவப் பதிவைப் பெறுவது நோயாளியின் உரிமை.
2. இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம். ஒரே தாளில், பெரிய எழுத்தில்.
3. நியமிக்கப்பட்ட பிரதிநிதி (சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணையாக நோயாளி தேர்ந்தெடுத்தவர்) யார் என்ற கடிதம். வெள்ளைத்தாள் போதும், நோயாளியின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்க வேண்டும்.
4. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் அதன் நகல்.
5. மருத்துவரின் பெயரும் மருத்துவமனையும். தெரிந்த வக்கீல் இருந்தால் அவர் எண்.
6. அரைப் பக்கக் குறிப்பு: நோய் எப்போது தொடங்கியது, முற்றினால் என்ன செய்வார், எதைச் செய்தால் அமைதியாவார், எதைச் செய்தால் மிரள்வார்.

ஆறாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நள்ளிரவில் ஒரு எஸ்.ஐ. முழுவதும் படிக்கக்கூடிய தாள் அதுதான். 'தோளில் கைவைத்தால் மிரள்வார். தங்கச்சி பேசினால் கேட்பார். டீ கொடுத்தால் உட்கார்வார்' என்ற மூன்று வரி ஒரு தள்ளுமுள்ளைத் தவிர்த்துவிடும்.

*குறிப்பு:* மூன்று செட் நகல் எடுத்து ஒன்றைப் பக்கத்து வீட்டிலோ உறவினரிடமோ கொடுத்துவையுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைப் பழைய பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். அவை ஏன் தேவை என்பது பின்னால் வரும்.

வீட்டில் நெருக்கடி: முதல் பதினைந்து நிமிடம்

1. குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே அனுப்புங்கள்.
2. அரிவாள், அரிவாள்மனை, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து கண்ணில் படாமல் எடுங்கள். சிலிண்டரை மூடுங்கள். அவர் கையில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் பிடுங்க முயல வேண்டாம்.
3. வாசலை மறித்து நிற்காதீர்கள். அவருக்கும் வழி இருக்க வேண்டும், உங்களுக்கும் வழி இருக்க வேண்டும்.
4. ஒருவர் மட்டும் பேசட்டும். குரல் தாழ்ந்து, வாக்கியம் சிறிதாக இருக்கட்டும்.
5. 'அப்படி யாரும் உன்னைப் பத்திப் பேசலை' என்று வாதாடுவதும் வீண், 'ஆமாம், பேசறாங்க' என்று ஒத்து ஊதுவதும் கெடுதல். 'உனக்கு பயமா இருக்குன்னு தெரியுதுப்பா' என்பது போதும்.

கட்டிப்போடுவது என்ற யோசனை பல வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் எழும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் கருகிச் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது. பூட்டிய அறைக்கும் அதே ஆபத்துதான்.

*எச்சரிக்கை:* திடீர்க் குழப்பம் எல்லாமே மனநோய் ஆகிவிடாது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினாலும், தலையில் அடிபட்டாலும், வலிப்பு வந்து ஓய்ந்த பிறகும் ஒருவர் உளறலாம், கை ஓங்கலாம். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இல்லாதவை தெரியும், உடம்பு நடுங்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. லாக்கப்பில் இதைக் கண்டுபிடிக்க ஆளில்லை. ஆம்புலன்ஸில் வருபவரிடமும் போலீசிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

போனில் என்ன சொல்வது

1987 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், தன்னையே கத்தியால் கீறிக்கொண்டிருந்த 27 வயது மகனுக்காக ஒரு தாய் அவசர எண்ணை அழைத்தார். வந்த போலீசார் கத்தியைப் போடச் சொன்னார்கள், அவன் போடவில்லை, சுட்டுக் கொன்றார்கள். ஊர் கொந்தளித்தது. அடுத்த ஆண்டே அந்த நகரப் போலீஸ், மனநோயாளிகளின் குடும்பங்களோடும் இரண்டு பல்கலைக்கழகங்களோடும் சேர்ந்து, 40 மணி நேரப் பயிற்சி பெற்ற காவலர்களைக் கொண்ட நெருக்கடிக் குழு ஒன்றை அமைத்தது. இன்று அமெரிக்காவின் பல நகரங்களில் அந்த முறை இருக்கிறது. நம் ஊர் ஸ்டேஷன்களில் அப்படித் தனிக்குழு இல்லாததால், வருகிற காவலரைத் தயார்படுத்தும் வேலை போன் செய்பவருடையது.

உடம்புக்கு ஆபத்து, காயம் என்றால் 108. ஆயுதம் இருந்தால், அடிதடி என்றால் 112. யாரிடமாவது ஆலோசனை கேட்டுத் தெளிய வேண்டும் என்றால் 14416: இது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, எந்த நேரமும் தமிழில் பேசலாம், ஆனால் அவர்கள் வண்டி அனுப்புவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

112-இல் சொல்ல வேண்டிய வரிசை:

1. இடம், அடையாளம்.
2. 'இது மருத்துவ நெருக்கடி. அண்ணனுக்கு மனநோய், சிகிச்சையில் இருக்கிறார், பத்து நாளாக மாத்திரை இல்லை.'
3. கையில் என்ன இருக்கிறது, யாருக்காவது காயமா. உள்ளது உள்ளபடி.
4. 'சைரன் போடாம வாங்க சார். நான் தெருமுனையிலயே நிக்கிறேன்.'

வண்டி சீக்கிரம் வரட்டும் என்று 'கொலை பண்ணப் பார்க்கிறான்' என்று கூட்டிச் சொல்வதே மிகப் பெரிய தவறு. வருகிறவர் லத்தியோடும் பயத்தோடும் வருவார். அந்த வாக்கியமே பின்னால் புகாரிலும் ஏறும்.

ஸ்டேஷனில்: மனுவா, புகாரா?

இது இந்த அத்தியாயத்தின் இதயம்.

மருத்துவமனைக்கு வர மறுக்கும் மகனை எப்படியாவது சேர்க்க வேண்டும் என்று பெற்றோர் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். 'ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுங்க, தூக்கிடலாம்' என்கிறார் அங்கிருப்பவர், உதவும் எண்ணத்தோடுதான். பெற்றோரும் 'எங்களை அடித்தான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான்' என்று எழுதித் தருகிறார்கள். மகன் மருத்துவமனைக்குப் போகாமல் மாஜிஸ்ட்ரேட் முன்னால் போய் நிற்கிறான். புகார் கொடுத்தவர்களே ஜாமீனுக்கு அலைகிறார்கள். 'உள்ளே போனால் திருந்துவான்' என்ற நினைப்பும் இதே ரகம்தான்; சிறையில் முதலில் நிற்பது மாத்திரை.

செய்ய வேண்டியது:

1. தலைப்பிலேயே தெளிவு வேண்டும்: 'மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100-இன் கீழ் பாதுகாப்பும் மருத்துவ மதிப்பீடும் கோரும் மனு.'
2. முதல் வரியில் 'இது குற்றப் புகார் அல்ல' என்று எழுதுங்கள். அடித்திருந்தால் மறைக்க வேண்டாம். 'நோயின் காரணமாக இப்படி நடந்துகொண்டார்' என்று சேர்த்து எழுதுங்கள்.
3. பச்சைக் கோப்பின் ஒரு செட்டை இணையுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள்.
4. மனு கொடுத்ததற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.
5. மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் வீட்டார் ஒருவர் கூடவே செல்லுங்கள்.

பேச்சு இப்படி இருக்கலாம். 'சார், பையன் ஆறு வருஷமா ஜி.எச்-ல மாத்திரை வாங்குறான். சீட்டு இந்தா இருக்கு. இவனை ஜி.எச்-சுக்குக் கூட்டிட்டுப் போக உதவி பண்ணுங்க சார்.' குரலில் சண்டை வேண்டாம். சட்டப் பிரிவு தாளில் இருந்தால் போதும். வாயில் இருந்தால் சில அதிகாரிகளுக்குச் சவாலாகத் தோன்றிவிடும்.

எதிர்த்தரப்பு இருந்தால், கடைக்காரரையோ பக்கத்து வீட்டாரையோ அன்றைக்கே போய்ப் பாருங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். நோயைச் சொல்லி, வருத்தம் தெரிவித்து, சேதத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னால் பலர் புகாரே கொடுப்பதில்லை. வழக்கு பதிவான பிறகும்கூட, சிறு காயம், தனியார் சொத்துச் சேதம், அத்துமீறி நுழைதல் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 359 வழியே சமரசமாக முடிக்கலாம். கட்டாயப்படுத்தி வாங்கும் சம்மதம் மட்டும் கூடாது.

மருத்துவமனை வாசலில்

மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போவது நல்லது, சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. அவசரத்தில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் முதல் சிகிச்சை தரலாம்; மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 94 அதற்கு 72 மணி நேரம் வரை இடம் தருகிறது. நோயாளி தானாகச் சேர மறுத்து, நோயும் கடுமையாக இருந்தால், நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் பிரிவு 89-இன்படி 30 நாள் வரை சேர்க்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். பச்சைக் கோப்பின் மூன்றாம் எண் கடிதம் இங்கேதான் கைகொடுக்கும்.

சேர்க்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், பாதுகாப்பில் எடுத்த காவலரே அவரை வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். வீடற்றவர் என்றால் அரசுக் காப்பகத்தில் விட வேண்டும், காணாமல்போனவராக எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷனின் கடமை.

தற்கொலைக்கு முயன்றவர் என்றால் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தரும். பயப்பட வேண்டாம். பிரிவு 115-இன்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும். மாறாக நிரூபிக்கப்படாத வரை வழக்கும் தண்டனையும் கிடையாது. பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 309, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரின் பணியைத் தடுப்பதற்காகத் தற்கொலை முயற்சி செய்வது மட்டும் இன்னும் குற்றமாக இருக்கிறது.

கைது ஆகிவிட்டால்

ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கைது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் அழுத்திச் சொன்னது. நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாம். அதையே முதலில் கேளுங்கள். மீறிக் கைது நடந்தால்:

1. இலவச வக்கீலுக்கு 15100-ஐ அழையுங்கள், அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் உதவி உண்டு.
2. ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும். பலரும் தவறவிடும் வாசல் இது. அங்கேயே போய் நின்று, டூட்டி டாக்டரிடம் ஓ.பி. சீட்டைக் காட்டி, நோய் விவரத்தையும் மருந்துப் பட்டியலையும் பதிவில் எழுதச் சொல்லுங்கள்.
3. வெற்றுத்தாளில் யாரும் கையெழுத்திட வேண்டாம். போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் குற்ற ஒப்புதலாகச் செல்லாது என்றாலும், நோயின் உச்சத்தில் இருப்பவர் எதையும் ஒப்புக்கொள்வார். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.
4. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தும்போது வக்கீல் இரண்டு மனுவோடு வரட்டும்: மனநல மதிப்பீட்டுக்கு ஒன்று, ஜாமீனுக்கு ஒன்று. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 102-இன்படி மாஜிஸ்ட்ரேட் அவரை மதிப்பீட்டுக்காகப் பத்து நாள் வரை அரசு மனநல மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிடலாம்.
5. சிறைக்கே அனுப்பினால், மருந்துப் பட்டியலைச் சிறை மருத்துவரிடம் அன்றே சேர்ப்பியுங்கள். நீதிமன்ற உத்தரவிலும் ஏற்றச் சொல்லுங்கள்.

*எச்சரிக்கை:* குளோசபின் மாத்திரை இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. மருத்துவர் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். லித்தியம் சாப்பிடுபவருக்குத் தண்ணீர் குறைந்தாலோ வாந்தி பேதி வந்தாலோ ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். இந்த இரண்டு பெயரும் பட்டியலில் இருந்தால் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள்.

நீதிமன்றத்தில்: இரண்டு வேறு கேள்விகள்

வக்கீல்களே சில நேரம் இவற்றைக் குழப்பிவிடுவதுண்டு. 'இப்போது வழக்கைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இருக்கிறாரா?' என்பது ஒரு கேள்வி. 'சம்பவத்தின்போது என்ன செய்கிறோம், அது தவறு என்று அறியும் நிலையில் இருந்தாரா?' என்பது வேறொரு கேள்வி.

முதல் கேள்விக்கு இல்லை என்று நீதிமன்றம் கண்டால், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 369 கைகொடுக்கும். ஜாமீனில் விடக்கூடிய குற்றமோ இல்லையோ, உள்நோயாளிச் சிகிச்சை தேவையில்லை என்றால், உறவினரோ நண்பரோ ஒழுங்காக வெளிநோயாளிச் சிகிச்சைக்கு அழைத்துப்போவதாகவும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வதாகவும் உறுதியளித்தால் விடுவிக்கலாம். கொலை வழக்கு என்றாலும் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாம் கேள்வி பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 22. நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எது அதிகம் நம்பக்கூடியது என்ற அளவுகோல் போதும் என்று 1964-இலேயே தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோய் இருந்தது என்பது மட்டும் காணாது; சம்பவத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நிலை என்ன என்று காட்ட வேண்டும். எடுத்துவைத்த மருந்துக்கடைப் பில், சி.எஸ்.ஆர். ரசீதின் நேரம், டூட்டி டாக்டரின் பதிவு எல்லாம் அப்போது பேசும்.

வழக்கு மறக்கப்படாமல் பார்த்துக்கொள்வது

மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று என்று வீட்டார் ஓய்ந்துவிடும் இடம் இது. அசாமின் மச்சாங் லாலுங் 1951-இல் காயப்படுத்திய குற்றச்சாட்டில் கைதானபோது இளைஞர். விசாரணை நடக்கவேயில்லை, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் அவர் குணமாகிவிட்டதாக மருத்துவமனை சொன்னது. அவரோ வீட்டுக்குப் போகாமல் சிறைக்குப் போனார். 54 ஆண்டு கழித்து, 2005-இல், ஒரு ரூபாய்ப் பிணையில் வெளியே வந்தார், வயது 77. உச்ச நீதிமன்றம் பிறகு அவருக்கு 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பதே சட்டவிரோதம் என்று 1993-இல் ஷீலா பார்சே வழக்கில் தீர்ப்பு வந்தபோது, லாலுங் 42 ஆண்டாகக் காவலில் இருந்தார்.

எனவே:

1. வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா ஆகியவற்றைக் கோப்பின் அட்டையிலேயே எழுதுங்கள்.
2. மருத்துவமனை அறிக்கை நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன் வக்கீல் மூலம் கேளுங்கள். 'அனுப்பிட்டோம்' என்றால் அனுப்பிய எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. உள்ளே இருந்த நாட்களைக் கணக்கிடுங்கள். ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ இல்லாத குற்றத்தில், அதிகபட்சத் தண்டனையின் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவர் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 479-இன்படி ஜாமீன் கேட்கலாம். முதல் வழக்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். அவர் மேல் வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது.
4. மருத்துவமனை உரிமையை மதிக்கவில்லை என்றால் மனநல ஆய்வு வாரியத்துக்கு எழுதுங்கள். வெள்ளைத்தாள் மனு போதும், கட்டணம் கிடையாது.
5. வாய்தாவும் ஓ.பி. நாளும் ஒரே தேதியில் மோதினால் ஓ.பி. சீட்டை வக்கீலிடம் முன்தினமே கொடுங்கள். வராததற்குக் காரணம் மனுவாகப் போகாவிட்டால் பிடிவாரன்ட் வந்துவிடும், மறுபடி ஸ்டேஷன் மேசையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.